லினக்ஸ் மின்ட் 22-க்கு மாறியபோது

என் மடிக்கணினியில் இருந்த லினக்ஸ் மின்ட் 21.3 என்ற இயங்குதளத்தை, 2024 ஜூலையில் வெளிவந்த 22-ஆம் பதிப்புக்கு மேம்படுத்தியிருக்கிறேன். பழைய பதிப்புக்கு 2027 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு என்பதால் யாரும் அவசரப்படத் தேவையில்லை, உபுண்டு என்ற மற்றொரு லினக்ஸ் இயங்குதளத்தின் 24.04-ஆம் பதிப்பை அடித்தளமாகக் கொண்ட புதிய பதிப்புக்கோ 2029 வரை ஆதரவு உண்டு.

மேம்படுத்தும் வேலையை மின்ட்அப்கிரேட் என்ற கருவியே படிப்படியாக நடத்தித் தருகிறது. கணினியின் அப்போதைய நிலையை டைம்ஷிஃப்ட் என்ற காப்புக் கருவியில் சேமித்து வைத்திருக்கிறோமா என்று அது சோதிக்கிறது. புதியவர்களைக் காப்பாற்றும் இந்தக் கண்டிப்பை மனதார வரவேற்கிறேன். ஆனால் டைம்ஷிஃப்ட் இயல்பாக நம் சொந்தக் கோப்புகளைச் சேமிப்பதில்லை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆகவே குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கில் தனியே நகலெடுத்து வைத்த பிறகே தொடங்குங்கள். மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரைச் செருகியே வையுங்கள்.

திரையில் பெரிய வேறுபாடு தெரியாது. உள்ளேதான் மாற்றம்: ஒலியைக் கையாளும் பொறுப்பு பல்ஸ்ஆடியோவிடமிருந்து பைப்வயருக்குச் சென்றிருக்கிறது, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலும் 6.8-ஆம் பதிப்பு ஆகியிருக்கிறது. உபுண்டு தன் தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளை ஸ்னாப் என்ற வேறு நிறுவல் வடிவத்துக்கு மாற்றிவிட்ட நிலையில், மின்ட் குழுவினர் அதைத் தாங்களே வழக்கமான டெப் வகைத் தொகுப்பாக உருவாக்கித் தருகிறார்கள். பயனரின் பழக்கத்தைக் குலைக்கக்கூடாது என்ற இந்த அக்கறைக்காகவே, லினக்ஸுக்குப் புதிதாக வரும் நண்பர்களிடம் நான் மின்டையே முதலில் சொல்கிறேன்.