புரட்டாசியில் குவிந்த முட்டையும் எங்கள் வீட்டு ஃப்ரீசரும்

முட்டையை ஓட்டோடு ஃப்ரீசரில் வைக்காதீர்கள். நான் வைத்தேன், அதனால்தான் சொல்கிறேன்.

2024 புரட்டாசியில் நடந்தது இது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் கிராமப்பிரியா ரகக் கோழி எட்டு, நாட்டுக்கோழி மூன்று. புரட்டாசி என்று கோழிக்குத் தெரியுமா? தினமும் ஐந்தாறு முட்டை. வழக்கமாக வாங்குகிற வீடுகளெல்லாம் சனிக்கிழமைதோறும் திருவந்திபுரம் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு, மாதம் முழுக்கக் கவிச்சி தொடாமல் இருந்தார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். இரண்டாவது வாரத்தில் முட்டை ஐம்பதைத் தாண்டிவிட்டது.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பேக்கரிக்கு முப்பது முட்டையை வைக்கோல் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். "நாமக்கல் முட்டைன்னா எல்லாம் ஒரே அளவா அட்டையோட வருதும்மா. இது சின்னதும் பெருசுமா இருக்கே" என்று சொல்லிக் கடைக்காரர் பாதி விலைக்குக் கேட்டார். கொடுக்க மனசு வரவில்லை. திரும்பும் வழியில் ஒரு வேகத்தடை நான்கை உடைத்ததுதான் மிச்சம்.

அப்புறம்தான் ஃப்ரீசர் யோசனை. "பெருமாளுக்கு வைக்கிற பால் இருக்கிற பொட்டியில முட்டையா?" என்று அத்தை கேட்டார்கள். மேல் அறை மட்டும் எனக்கு என்று பேசி முடிக்க ஒரு நாள் ஆனது.

முதலில் ஆறு முட்டையை அப்படியே வைத்தேன். காலையில் நான்கு விரிசல் விட்டு, வெள்ளைக்கரு வெளியே வந்து, ஃப்ரீசர் தரையோடு ஒட்டிக்கிடந்தது. உள்ளே இருக்கும் நீர் உறையும்போது பெருக்கிறது, ஓடு என்ன செய்யும்? விரிசல் வழியே கிருமியும் போகும் என்பதால் எடுத்துக் கொட்டிவிட்டேன்.

அடுத்து பன்னிரண்டு முட்டையை உடைத்து டப்பாவில் ஊற்றி மூடினேன். கலக்கவில்லை, எதுவும் சேர்க்கவும் இல்லை. பத்து நாள் கழித்து உருக்கிப் பார்த்தால் வெள்ளைக்கரு புதுசு போலவே இருந்தது. மஞ்சள்கரு மட்டும் அல்வாத் துண்டு மாதிரி நின்றது. எவ்வளவு அடித்தும் கலக்க முடியவில்லை. உறைந்த மஞ்சள்கரு ஒருமுறை கெட்டியாகிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. உறையும் முன்பே உப்போ சர்க்கரையோ சேர்த்தால்தான் தப்பிக்கும். இது முன்னாலேயே தெரிந்திருந்தால் பன்னிரண்டு முட்டை போயிருக்காது. நன்றாக வேகவைத்து உதிர்த்துக் கோழிக்கே போட்டேன். (பச்சையாகப் போடாதீர்கள், ருசி கண்ட கோழி தன் முட்டையைத் தானே கொத்தும்.)

மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. ஒவ்வொரு முட்டையையும் முதலில் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்தேன். ஒரு கெட்ட முட்டை மொத்தத்தையும் பாழாக்கிவிடும். ஐந்தாறு முட்டை சேர்ந்தால் ஒரு கப் வரும். அதற்கு அரை டீஸ்பூன் உப்பு போட்டு, நுரை வராமல் கரண்டியால் மெதுவாகக் கலக்கினேன். கேக்குக்கு என்றால் உப்புக்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை. ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, கட்டிகளைப் பெயர்த்துக் கவரில் போட்டேன். தேதியோடு உப்பா சர்க்கரையா என்றும் எழுதிவிடுங்கள். ஒருமுறை நான் எழுத மறந்ததில் பொடிமாஸ் இனித்தது. எங்கள் தட்டில் இரண்டு குழி ஒரு நாட்டு முட்டைக்குச் சமம். உங்கள் தட்டை ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கருவை மட்டும் தனியாக வைத்தால் எதுவுமே சேர்க்க வேண்டாம். அவித்த முட்டையை வைக்காதீர்கள், ரப்பராகிவிடும்.

முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக்க வேண்டும். உருகியதை அன்றே, நன்றாக வேகும்படி சமைத்துவிட வேண்டும். மைனஸ் 18 டிகிரி நிற்கிற ஃப்ரீசரில் ஒரு வருஷம்கூட வைக்கலாம். எங்கள் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஐஸ்கிரீமே கொழகொழவென்றுதான் இருக்கும். அதனால் இரண்டு மாதம்தான் என் கணக்கு.

அந்தக் கணக்கையும் ஃபெஞ்சல் கெடுத்தது. நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்களுக்கு இரண்டு நாள் கரண்ட் இல்லை. பாதி நிறைந்த ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் ஒரு நாள் தாங்கும். எங்கள் வீட்டில் மணிக்கொருமுறை யாராவது திறந்து பார்த்தார்கள். கரண்ட் வந்ததும் எல்லாம் மறுபடி உறைந்து, ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாறையாகிவிட்டது. நடுவில் எவ்வளவு நேரம் உருகிக் கிடந்ததோ. இருபது முட்டைக்கு மேல் இருக்கும், அத்தனையும் குப்பைக்குப் போனது.

இப்போது ஒரு டம்ளரில் தண்ணீரை உறையவைத்து, மேலே ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை வைத்திருக்கிறேன். நாணயம் உள்ளே இறங்கியிருந்தால் நடுவில் உருகியிருக்கிறது என்று அர்த்தம், யோசிக்காமல் கொட்டிவிடலாம். போன வாரம் பால்காரருக்குச் சில்லறை இல்லை என்று இவர் அதைப் பெயர்த்தெடுக்கப் போனார். நல்ல வேளை, நான் பார்த்துவிட்டேன்.