கேள்வி கேட்பது யார்? 'தி க்ரூசிபிள்' நாடகத்தைப் படித்து முடித்த கதை

வேலைக்குப் போய்க்கொண்டே தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தேன். அமெரிக்க இலக்கியத் தாளில் ஆர்தர் மில்லரின் 'தி க்ரூசிபிள்' பாடம். 1953இல் நியூயார்க்கில் முதன்முதலாக மேடையேறிய நாடகம். 1692இல், மாசசூசெட்ஸ் காலனியில் பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் வாழ்ந்த சேலத்தில், அக்கம்பக்கத்தாரையே சூனியக்காரர்கள் என்று பிடித்துக் கொடுத்து 19 பேரைத் தூக்கில் போட்ட நிஜச் சம்பவம்தான் அடிப்படை.

கைடு வாங்கிப் பார்த்தேன். விவசாயி பிராக்டர் துன்பியல் நாயகன், ஊரார் மேல் சூனியப் பழி போடும் இளம்பெண் அபிகெய்ல் வில்லி, ஹேல் மனம் திருந்திய பாதிரியார், பிராக்டரின் மனைவி எலிசபெத் பொறுமைசாலி. பெரிய கேள்விக்கு இதை வைத்துப் பக்கம் நிரப்பிவிடலாம். ஆனால் எங்கள் வினாத்தாளில் ஒரு வசனத்தைக் கொடுத்து, யார், யாரிடம், எந்தச் சூழலில் சொன்னது என்று விளக்கச் சொல்வார்கள். அங்கே கைடு கை கொடுக்காது. சரி, மூலத்தையே படித்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

முதல் தொல்லை, பெயர்கள். இருபது பாத்திரங்களுக்கு மேல். யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதிப் பார்த்தேன், பெரிதாக உதவவில்லை. யாருக்கும் யாருக்கும் என்ன பகை என்று எழுத ஆரம்பித்த பிறகுதான் ஊர் பிடிபட்டது. நிலக்காரர் தாமஸ் பட்னத்துக்கும் நர்ஸ் என்ற குடும்பத்துக்கும் நிலத் தகராறு. பட்னத்துக்கும் பிராக்டருக்கும் மரம் வெட்டுவதில் தகராறு. பாதிரியார் பாரிஸுக்குச் சம்பளத்தோடு விறகும் தர வேண்டுமா என்பதில் ஊரோடு தகராறு. பட்னத்தின் மனைவி ஏழு குழந்தைகளைப் பிறந்த அன்றே பறிகொடுத்தவள். ரெபெக்கா நர்ஸுக்கோ 11 பிள்ளைகள், 26 பேரக்குழந்தைகள். பின்னால் ரெபெக்கா மேல் விழும் குற்றச்சாட்டு என்ன தெரியுமா? பட்னம் வீட்டுக் குழந்தைகளைச் சூனியம் வைத்துக் கொன்றாள் என்பது. முதல் அங்கத்தின் நடுவே மில்லர் தன் குரலிலேயே நீளமாகச் சில பத்திகள் எழுதியிருக்கிறார். வசனம் இல்லையே என்று பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். இந்தப் பகைக் கணக்கில் பாதி அங்கேதான் இருக்கிறது, விடாதீர்கள்.

இரண்டாவது தொல்லை, பேச்சு. மில்லர் சேலத்துக்கே போய்ப் பழைய நீதிமன்றப் பதிவுகளைப் படித்து, அந்த ஓசையில் ஒரு மொழியை உருவாக்கியிருக்கிறார். நாம் பள்ளியில் படித்த இலக்கணத்துக்கு அது அடங்காது. மனதுக்குள் படித்தால் தடுக்கும், வாய்விட்டுப் படித்தால் சரளமாக ஓடும். அதனால் சித்தி மகளைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டேன். ஆளுக்குச் சில பாத்திரங்கள் என்று பிரித்துக்கொண்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கூடத்தில் உட்கார்ந்து படிப்போம்.

முதல் அங்கத்தின் கடைசியில், பாரிஸ் வீட்டு அடிமைப் பெண் டிட்யூபாவை விசாரிக்கும் இடம். ஒப்புக்கொள்ளாவிட்டால் சாகும்வரை சவுக்கடி என்கிறார் பாரிஸ். தூக்கில் போடவேண்டும் என்கிறார் பட்னம். அவள் நடுங்கிப்போய், சாத்தானிடம் வேலை செய்ய எனக்கு இஷ்டமில்லை என்று சொன்னேன் என்கிறாள். சாத்தானோடு ஊரிலிருந்து யார் வந்தார்கள் என்று கேட்கிறார்கள். அவள் தடுமாறும்போது பட்னம் குறுக்கே வந்து, "சேரா குட்? அவளைப் பார்த்தாயா? இல்லை ஆஸ்பர்னா?" என்கிறார். பட்னம் வசனத்தைப் படித்துக்கொண்டிருந்த தங்கை நிறுத்திவிட்டு, "அக்கா, இவர் கேட்கிறாரா, சொல்லிக்கொடுக்கிறாரா?" என்றாள். கொஞ்ச நேரத்தில் டிட்யூபா சொல்லும் பெயர்களும் அதே இரண்டுதான்.

நாடகம் முழுவதையும் எனக்குத் திறந்துவிட்டது தங்கையின் அந்தக் கேள்விதான். அதன் பிறகு பாத்திரத்தின் குணம் என்ன என்று தேடுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு காட்சியிலும் கேள்வி கேட்பது யார், பதில் சொல்ல வேண்டியது யார், அந்தப் பதிலை முன்கூட்டியே யார் தயார் செய்து வைத்திருக்கிறார் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டே போனேன். டிட்யூபாவையே பாருங்கள். பாரிஸைக் கொல்லச் சொல்லிச் சாத்தான் தன்னைக் கேட்டதாகச் சொல்கிறாள். பாரிஸ் நல்ல மனிதன் இல்லை, ஈரமில்லாதவன் என்று சாத்தான் சொன்னதாம். எஜமானன் முகத்துக்கு நேரே தன் மனதில் உள்ளதைக் கொட்டுகிறாள், பழியோ சாத்தானுக்கு. கைடில் இவளுக்கு நாலு வரிகூட இல்லை.

இந்தக் கேள்விமுறை மில்லரின் கற்பனையோ என்று ஒரு சந்தேகம் வந்தது. சேலம் வழக்குப் பதிவுகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. 1692 மார்ச் 1ஆம் தேதி சேரா குட்டை நீதிபதி ஹாதோர்ன் விசாரித்தது இருக்கிறது. எந்தக் கெட்ட ஆவியோடு உனக்குப் பழக்கம் என்பது முதல் கேள்வி. எதோடும் இல்லை என்கிறாள். கொஞ்சத்தில், இந்தக் குழந்தைகளை ஏன் துன்புறுத்துகிறாய் என்று கேட்கிறார். துன்புறுத்தினாயா என்று அல்ல, ஏன் என்று. அதை எழுதி வைத்தவர் எசகியேல் சீவர். நாடகத்தில் எலிசபெத்தைக் கைது செய்ய வாரண்டோடு வருகிறாரே, அவர்தான். ஒப்புக்கொண்டவர்களுக்கு உயிர் தப்பியது, மறுத்தவர்களுக்குத் தூக்கு என்பதும் வரலாறுதான். மில்லர் மாற்றியது வேறு இடத்தில். நிஜ அபிகெய்லுக்கு 11, 12 வயது இருக்கும், பிராக்டருக்கு 60 பக்கம். இருவருக்கும் நடுவே உள்ள கள்ள உறவு நாடகத்துக்காகச் சேர்த்தது.

இரண்டாம் அங்கம்தான் என் கணக்கில் நாடகத்தின் உச்சம். ஊர் விவகாரம் எதுவும் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை. பிராக்டர் வயலிலிருந்து வருகிறார், எலிசபெத் மாடியில் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறாள். அடுப்பில் இருக்கும் முயல்கறியை எடுத்து ருசி பார்க்கிறார், பிடிக்கவில்லை, ஒரு சிட்டிகை உப்பைப் போடுகிறார். அவள் இறங்கி வந்து பரிமாறியதும், பக்குவமாக இருக்கிறது என்று பாராட்டுகிறார். அவள் முகம் சிவக்க, கவனமாகத்தான் செய்தேன் என்கிறாள். இருவருக்கும் நடுவே எவ்வளவு தூரம், அதை மறைக்க எவ்வளவு பிரயாசை என்பதை அந்த உப்பு சொல்லிவிடுகிறது. அங்கேயும் எலிசபெத்தின் முதல் வசனம் ஒரு கேள்விதான்: ஏன் இவ்வளவு நேரம்? சற்று நேரத்தில் பிராக்டர் வெடிக்கிறார், இந்த வீட்டுக்குள் நுழைவது நீதிமன்றத்துக்குள் நுழைவதுபோல் இருக்கிறது என்று. அப்புறம் ஹேல் வந்து பத்துக் கட்டளைகளைச் சொல்லச் சொல்கிறார். பிராக்டருக்கு ஒன்று மட்டும் நினைவு வரவில்லை. விபசாரம் செய்யாதிருப்பாயாக. அதை எடுத்துக் கொடுப்பவள் எலிசபெத்.

மூன்றாம் அங்கத்தில் அதே எலிசபெத்தை நீதிபதி டான்ஃபோர்த் விசாரிக்கிறார், உன் கணவனுக்கும் அபிகெய்லுக்கும் உறவு இருந்ததா என்று. பிராக்டரையும் அபிகெய்லையும் திரும்பி நிற்கச் சொல்லிவிடுகிறார், அவளுக்கு யார் முகத்தையும் பார்க்க வழியில்லை. கணவன் தன் தவறை ஏற்கெனவே ஒப்புக்கொண்டது அவளுக்குத் தெரியாது. என் மனைவி பொய்யே பேசமாட்டாள் என்று அவர் உறுதி சொன்னதும் தெரியாது. கணவனைக் காப்பாற்ற இல்லை என்கிறாள். அவள் சொல்லும் அந்த ஒரே பொய் அவர் தலையில் விழுகிறது. இந்தப் பக்கத்தை வாய்விட்டுப் படிக்கும்போது ஒவ்வொரு கேள்விக்கும் நடுவே நிறுத்திப் பாருங்கள், அவள் பதிலைத் தேடுவது தெரியும்.

அதே அங்கத்தில் கிழவர் ஜைல்ஸ் கோரி, பட்னத்தின் நில ஆசையைத் தன்னிடம் சொன்ன சாட்சியின் பெயரைச் சொல்ல மறுக்கிறார். நான்காம் அங்கத்தில், உயிர் தப்பக் குற்றத்தை ஒப்புக்கொள்ள முன்வந்த பிராக்டரிடம், ரெபெக்காவைச் சாத்தானோடு பார்த்தாயா என்று கேட்கிறார்கள். என் பாவத்தைச் சொல்கிறேன், அடுத்தவரை நான் எடைபோட முடியாது என்கிறார். 1956இல் கம்யூனிஸ்ட் தொடர்பை விசாரித்த அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் மில்லரையே நிறுத்தி மற்றவர்கள் பெயரைக் கேட்டார்கள். அவரும் சொல்லவில்லை. 1957இல் அவமதிப்புக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார், 1958இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. இந்த வரிசையைக் கவனியுங்கள், நாடகம் முதலில், அவருடைய விசாரணை பிறகு. பலர் தலைகீழாக எழுதுகிறார்கள்.

1996இல் வந்த படத்துக்கும் மில்லர்தான் திரைக்கதை எழுதினார். நன்றாகவே இருக்கும், ஆனால் நாடகத்தைப் படித்த பிறகு பாருங்கள். ஊர் விவகாரம் எல்லாவற்றுக்கும் தொடக்கமான சம்பவம், பெண்கள் காட்டில் ரகசியமாக ஆடியது. அதை மேடையில் நாம் பார்ப்பதே இல்லை, பிறர் வாயால் கேட்கிறோம், அவ்வளவுதான். படம் அதைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது. யார் சொல்வதை நம்புவது என்ற குழப்பம் அதோடு போய்விடுகிறது.

தேர்வில் டான்ஃபோர்த் பற்றிக் கேட்டார்கள். கைடு அவரைக் கொடுங்கோலன் என்று ஒரே சொல்லில் முடித்திருந்தது. நான் நான்காம் அங்கத்திலிருந்து தொடங்கினேன். இவர்களை மன்னித்துவிடுங்கள் என்று ஹேல் கெஞ்சும்போது, இதே குற்றத்துக்கு ஏற்கெனவே 12 பேரைத் தூக்கிலிட்டாயிற்று, இப்போது இவர்களை மன்னிப்பது நியாயமில்லை என்கிறார் அவர். கேள்வியாகவே கேட்டுக்கொண்டிருந்த மனிதர் தன்னைப் பற்றி வாய் திறந்து சொல்லும் பதில் அதுதான் என்று எழுதினேன். மதிப்பெண் சுமாராகத்தான் வந்தது, இருந்தாலும் அந்தத் தாளில் நான் ரசித்து எழுதிய விடை அது ஒன்றுதான்.