தாத்தாவின் ஏர் ரைஃபிள்
பெங்களூரு அல்சூர் வீட்டுப் பரணில் தாத்தாவின் பழைய ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி) கிடைத்தது, குழல் முழுக்கத் துரு. குழலின் உள்விட்டம் 4.5 மி.மீ., சுடும் சக்தி 20 ஜூல் (joule) அளவைத் தாண்டாது என்றால் 2016 ஆயுத விதிகள்படி லைசென்ஸ் வேண்டாம். வெடிமருந்துத் தோட்டா போடும் ரகமாக இருந்தால் தொடாமல் போலீஸுக்குத்தான் சொல்லியிருப்பேன்.

துருவுக்கு உப்புத்தாள் மட்டும் வேண்டாம், பழைய கருநீலப் பூச்சும் சேர்ந்து போய்விடும். எண்ணெய் தடவி ஊறவிட்டு, எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் கிடைக்கும் மெல்லிய ஸ்டீல் வுல்லால் (இரும்பு நார்) பொறுமையாகத் தேய்த்தால் போதும், குழி விழுந்த இடம் விழுந்ததுதான்.

பயப்பட வேண்டியது உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குக்கு: அழுத்தத்திலேயே இருக்கும், சரியாகப் பிடிக்காமல் கழற்றினால் முகத்துக்கே பாயும். ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டனின் தோல் வாஷர் காய்ந்து கல்லாகியிருந்தது, எண்ணெயில் ஊறியதும் உயிர் வந்துவிட்டது. "யாரைச் சுடப் போறே?" என்கிறார் அப்பா.

அப்புறம், துப்பாக்கியின் மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள்.