குமினா: ஆறாவது மாதம், சிந்தாத தண்ணீர்

நேற்று மாலை எவர்சில்வர் டம்ளரில் முக்கால்வாசி தண்ணீரோடு, அதைத் தலையில் வைத்துக் கூடத்தை மூன்று சுற்று வந்தேன், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை! இன்னமும் கை நடுங்குகிறது.

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் குமினா என்கிற வழிபாட்டு நடனம் கற்க வகுப்புக்குப் போக ஆரம்பித்து ஆறு மாதம். கைவீச்சு, சுழற்சி, சட்டென்று நிற்பது எல்லாம் சீக்கிரமே வந்துவிட்டன. அடம்பிடித்தது அந்த நகர்வுதான். பாதம் முழுக்கத் தரையில் ஒட்டியிருக்க, விரல்கள் தரையைக் கவ்வி இழுக்கும். உடம்பு அங்குலம் அங்குலமாக முன்னே போகும். இடுப்பு தன்பாட்டுக்குச் சுழலும், முதுகு நிமிர்ந்தே இருக்கும். எனக்கோ குதிகால் எழும்பிவிடும். அது எழும்பினால் தோள் ஆடும், தோள் ஆடினால் டம்ளர் கீழே.

வழி காட்டியது முரசு. இத்தனை நாளும் 'பிளேயிங் காஸ்ட்' முரசையே கேட்டுக்கொண்டிருந்தேன். அது ஆட்டக்காரரைச் சீண்டி ஓடுகிற முன்னணி முரசு. கால் கேட்க வேண்டியது 'பண்டு'வை. கனத்த குரலில் மாறாமல் அடித்துக்கொண்டே இருக்கும். வாசிப்பவர் அதைப் படுக்கவைத்து மேலே ஏறி உட்கார்ந்து, குதிகாலால் தோலை அழுத்திச் சுருதியை மாற்றுவார். போன வாரம் அவர் குதிகாலையே பார்த்துக்கொண்டு என் குதிகாலை அழுத்தினேன். பிடிபட்டது.

அடிமைமுறை ஒழிந்தபின் 1840கள் முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்த மத்திய ஆப்பிரிக்கர்கள் ஜமைக்காவின் செயின்ட் தாமஸ் பகுதியில் வேரூன்றவைத்த வழிபாடு இது. முன்னோரை அழைக்கிற ஆட்டத்துக்குப் பாதம் மண்ணைவிட்டு எழாததுதான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. மேடையிலும் பார்த்திருக்கிறேன், அழகுதான். ஆனாலும் முற்றத்தில் முரசுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு ஈடில்லை.

தலைத்துணிக்குச் சிவப்புக் கட்டம் போட்ட பண்டானா துணி இரண்டு கெஜம் வாங்கினேன். நம் மதராஸ் கட்டத்துணியின் வழிவந்தது அது. கையில் எடுத்ததும் பாட்டியின் பெட்டி ஞாபகம் வந்தது. முதல் கடையில் கொடுத்தது ஒரே அலசலில் சாயம் போய்விட்டது. வாங்குமுன் ஓரத்தை நனைத்துப் பாருங்கள்.

அடுத்து டான்ஸ்ஹால், ஜமைக்காவின் வெகுஜன இசைக்கு ஆடுகிற ஆட்டம். 2005இல் சுட்டுக் கொல்லப்பட்ட நடனக்காரர் ஜெரால்ட் லெவி, அதான் போகிள், அவர் பெயரிலேயே இருக்கும் அந்த அலை அசைவைத்தான் முதலில் கற்கப்போகிறேன். இடுப்பு தயார். ஆனால் குமினாவில் டம்ளரோடு சுழல்வது இன்னும் பாக்கி. பாதிச் சுற்றிலேயே சாய்கிறது. நாளைக்குத் தண்ணீரைக் குறைத்துப் பார்க்கிறேன்.