சவுக் 2000: ஒரு தோட்டாகூடச் செலவாகாமல் கொள்ளை போன ஆயுதங்கள்

கோலாலம்பூரில் இளையவர்கள் பலருக்கு அல்-மவுனா என்ற ஆயுதக் கும்பலின் பெயரே தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும்.

2000 ஜூலை 2. மலேசியாவின் பேராக் மாநிலம், கிரிக் வட்டாரத்தில் இரண்டு ராணுவ முகாம்கள். ராணுவப் பச்சை பூசிய பஜேரோ வண்டிகளில் அதிகாரிகளின் சீருடையில் வந்தவர்கள், 'திடீர்ச் சோதனை' என்றார்கள். ஆயுதக் கிடங்கு திறக்கப்பட்டது. 97 எம்16 துப்பாக்கிகள், 4 இயந்திரத் துப்பாக்கிகள், 5 குண்டு ஏவிகள், ஆயிரக்கணக்கான தோட்டாக்கள் வெளியே போயின.

பூட்டு வலுவாகத்தான் இருந்தது, தவறியது சரிபார்ப்பு. மேலதிகாரி என்று யார் வந்து நின்றாலும், தலைமையகத்தைக் கூப்பிட்டு உறுதி செய்யும்வரை கிடங்குச் சாவி கைமாறக் கூடாது. காவலில் நிற்பவர் பதவிப் பட்டையைக் கண்டு தயங்கும் அந்த ஒரு நிமிடத்தைத்தான் அவர்கள் நம்பி வந்தார்கள்.

கும்பல் சவுக் அருகே புக்கிட் ஜெனாலிக்கில் பதுங்கியது. போலீசும் ராணுவமும் சேர்ந்து மலையைச் சுற்றி வளைத்தன. போலீஸ் கமாண்டோ படையான வாட் 69-உம் களத்தில் இருந்தது. உள்ளே நான்கு பிணைக்கைதிகள் இருந்ததால் கண்மூடித்தனமாகச் சுட வழியில்லை. முற்றுகையும் பேச்சும் சேர்ந்தே நடக்க வேண்டியிருந்தது. ஜூலை 6-இல் சரணடைந்தார்கள்.

அதற்குள் இருவரைக் கொன்றுவிட்டார்கள்: ராணுவ வீரர் மேத்யூ அனாக் மேடான், நம் போலீஸ்காரர் சகாதேவன். சரவாக் பிள்ளை ஒருவர், தமிழ்ப் பிள்ளை ஒருவர். இந்த இரண்டு பெயர்களையும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

வழக்கு கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்தில் நடந்தது. குற்றச்சாட்டு வெறும் ஆயுதக் கொள்ளை அல்ல, மாமன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தது. தலைவன் முகமது அமின் ரசாலிக்குத் தூக்கு.