ஒட்டிக்கொண்டு வந்தது

பிப்ரவரி 3

இருபத்தொரு நாள் ஆன எட்டு எலிக்குட்டிகளை இன்று தாயிடமிருந்து பிரித்தேன். தாய், தகப்பன் இரண்டுக்கும் பிரியான் என்ற புரதத்துக்கான ஜீனின் ஒரு நகல்தான் பழுது. கணக்குப்படி நாலில் ஒன்று முழு நாக்-அவுட்டாக, அதாவது இரண்டு நகலும் பழுதானதாக, இருக்க வேண்டும். காதில் துளை போட்டு, அந்தத் துணுக்கின் டிஎன்ஏவைப் பிசிஆரில் பெருக்கி ஜெல்லில் ஓட்டினால், ஏழாம் குட்டியின் தடம் மட்டும்தான் தேறியது. எட்டுக்கு ஒன்று!

கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணா அந்தக் குட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன இல்லைன்னு சொன்னீங்க?" என்றார்.

பிரியான் புரதம். 1992-ல் சூரிக்கில் சார்ல்ஸ் வைஸ்மன் குழு இந்த எலியை உருவாக்கியபோதும் அப்படித்தான்: நன்றாக வளர்ந்தது, குட்டி போட்டது. அடுத்த வருடம் ஸ்க்ரேப்பி என்ற மூளை நோய் கண்ட மூளைச் சாற்றை ஊசியில் ஏற்றினார்கள், நோய் வரவில்லை. நோய்க்கு அந்தப் புரதம் வேண்டும் என்பது உறுதியானது. உடம்புக்கு எதற்கு?

ஏப்ரல் 9

கிடைத்துவிட்டது! நாக்-அவுட் எலிகளின் மேக்ரோஃபேஜ்கள் (கழிவை விழுங்கித் துப்புரவு செய்யும் செல்கள்), செத்த செல்களை மற்றவற்றைவிட அதிகமாக விழுங்குகின்றன. மூன்று முறை எண்ணிவிட்டேன். வீட்டுக்குக்கூட போன் போட்டுச் சொல்லிவிட்டேன், அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஏப்ரல் 10

மேடம் வரைபடத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அதுவே பெரிது. "2013-ல் வந்த கட்டுரையைப் படிக்கலையா?" என்றார்.

படித்தேன். இந்த எலி 129 என்ற இனத்தின் ஸ்டெம் செல்லில் ஜீனை உடைத்துச் செய்தது. பிறகு கறுப்பு ஆய்வக எலி இனத்தோடு தலைமுறை தலைமுறையாகக் கலந்தாலும், உடைத்த இடத்துக்கு அக்கம்பக்கம் இருப்பது 129-ஆகவே ஒட்டிக்கொண்டு வரும். அந்த அக்கம்பக்கத்தில், அதே இரண்டாம் குரோமோசோமில்தான் சர்ப்-ஆல்ஃபா ஜீனும் இருக்கிறது: "என்னைத் தின்னாதே" என்று செல்கள் சொல்வதை மேக்ரோஃபேஜுக்குக் கேட்கவைக்கும் புரதம். விழுங்கலைக் கூட்டியது இந்த ஜீனின் 129 வடிவம். பிரியான் புரதம் இல்லாததால் அல்ல.

கூடப்பிறந்த குட்டிகளோடுதானே ஒப்பிட்டேன் என்று வாதாடிப் பார்த்தேன். உடைந்த நகல் இரண்டையும் வாங்கிய குட்டி, பக்கத்திலிருப்பதையும் சேர்த்தேதான் வாங்குகிறது. சரி, இரண்டு மாதம் போச்சு.

ஏப்ரல் 22

2016-ல் கறுப்பு எலியிலேயே டேலன் என்ற ஜீன் கத்தரியைக் கொண்டு நேரடியாக வெட்டி உருவாக்கிய எலி இருக்கிறது. அதைக் கேட்டுக் கடிதம் போயிருக்கிறது. அதுவரை குழப்பம் வேண்டாமென்று பழைய கூண்டு அட்டைகளில் '129 ஒட்டு' என்று பேனாவால் எழுதிவைத்தேன்.

அண்ணா எட்டிப் பார்த்தார். "இல்லைன்னீங்க, இப்ப ஒண்ணு கூட இருக்குங்கறீங்க?"