தங்கைக்கு வக்கீல் தேடியபோது

போன வருஷம் ஆடிப்பெருக்குக்கு என் வீட்டுக்கு வந்த தங்கை, அப்புறம் பெங்களூருக்குத் திரும்பவில்லை. காரணத்தை இங்கே எழுதப் போவதில்லை, அது அவள் விஷயம். விவாகரத்துக்கு வக்கீல் தேடி அலைந்ததை மட்டும் எழுதிக்கொள் என்று அவளே சொல்லிவிட்டாள்.

முதலில் சித்தப்பா ஒருவரைச் சொன்னார். நிலத் தகராறுகளில் நல்ல பேர் உள்ளவர். போய் உட்கார்ந்ததும், "ஃபீஸ் பத்திக் கவலைப்படாதீங்கம்மா, செட்டில்மெண்ட் வந்தா அதுல பத்து பர்சென்ட்" என்றார். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், கிடைக்கிற பணத்தில் பங்கு கேட்பதும் வக்கீல்களைக் கட்டுப்படுத்தும் பார் கவுன்சிலின் விதிப்படி கூடாது. அடுத்து, "498ஏ ஒண்ணு போட்டு வைப்போம், தானா வழிக்கு வருவாங்க" என்றார். கணவர் வீட்டில் கொடுமை என்று கொடுக்கும் கிரிமினல் புகாரின் பழைய சட்டப் பிரிவு எண் அது. தங்கை எழுந்துவிட்டாள். நடக்காததை எழுதிக் கையெழுத்துப் போட மாட்டாளாம். எனக்கும் அதுவே சரி என்று பட்டது.

இணையத்தில் தேடினால் 'நம்பர் ஒன் டைவர்ஸ் வக்கீல்' என்று வரிசையாக வருகிறது. வக்கீல்கள் விளம்பரம் செய்யவே கூடாது என்றிருக்கும்போது அந்த நம்பரை யார் கொடுத்தது என்று புரியவில்லை.

பிறகு ஒரு காரியம் செய்தேன். சென்னை ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கும் குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போய் ஒரு காலைப் பொழுது முழுக்க வராந்தாவில் உட்கார்ந்தேன். எந்த வக்கீல் தானே வருகிறார், யார் ஜூனியரை அனுப்பி வாய்தா வாங்குகிறார், கட்சிக்காரரிடம் யார் நின்று பேசுகிறார் என்பதெல்லாம் அங்கே பட்டவர்த்தனம். ஒருவர் தன் சொந்தக் கட்சிக்காரப் பெண்ணிடமே "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருவர் தன் வக்கீலைப் பற்றி நல்லபடியாகச் சொன்னார். நாங்கள் கடைசியில் போனது அந்த வக்கீலிடம்தான்.

காசுக்கு வழியில்லாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100-க்கு போன் செய்தால் வழி சொல்வார்கள். இது தெரியாமல் நகையை அடகு வைப்பவர்கள் நிறைய.

புது வக்கீல் மேடம் யார் மேல் தப்பு என்று கேட்கவே இல்லை. கல்யாணம் எங்கே, கடைசியாகச் சேர்ந்து இருந்தது எங்கே, இப்போது எங்கே, எந்தத் தேதியிலிருந்து என்றுதான் கேட்டார். கல்யாணம் ஸ்ரீரங்கம், குடித்தனம் பெங்களூர், இப்போது சென்னை. வாய்தாவுக்கு வாய்தா பெங்களூருக்கு ஓட வேண்டுமோ என்று பயந்துகொண்டிருந்தோம். மனைவி இப்போது வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம் என்று 2003-லேயே இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்திவிட்டார்களாம். அடுத்து நகை. அம்மா சீர்வரிசையெல்லாம் எழுதி வைத்த பழைய நோட்டைப் பார்த்ததும் மேடத்துக்கு ஒரே சந்தோஷம். பெண்ணுக்குப் போட்ட நகை அவளுக்கு மட்டுமே சொந்தம் என்று சுப்ரீம் கோர்ட் 1985-லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் எது போட்டது என்று காட்ட வேண்டுமே! கல்யாண ஆல்பத்தையும் கொண்டு வரச் சொன்னார்.

மாப்பிள்ளை மியூச்சுவலுக்கு, அதாவது இரண்டு பேரும் சம்மதித்துக் கேட்கும் விவாகரத்துக்கு, ஒத்துக்கொண்டதால் வேலை சுலபமானது. "ஆறு மாசத்துல முடிஞ்சிடுமா?" என்று அம்மா நாலு தடவை கேட்டாள். மனு போடுவதற்கு முன்பே ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும். போட்ட பிறகு ஆறு மாதக் காத்திருப்பு. இந்த ஆறு மாதத்தை நீதிபதி தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் தீர்ப்பு வந்திருக்கிறது. அந்தத் தீர்ப்புப்படி அதற்கு, மனு போடும்போதே ஒன்றரை வருஷம் பிரிந்திருக்க வேண்டும், பணம், குழந்தை எல்லாம் பேசி முடித்திருக்க வேண்டும். நாங்கள் ஒரு வருஷம் முடிந்ததுமே போட்டுவிட்டோம், அதனால் காத்திருக்கத்தான் வேண்டும்.

இடையில் மாப்பிள்ளை மனசு மாறினால்? மாறலாம். தீர்ப்பு வரும்வரை இரண்டு பேரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். அதனால்தான் பணத்தில் ஒரு பகுதியை மனு போடும்போதும், மீதியைக் கடைசி நாளில் கோர்ட்டிலேயே டிடியாகவும் தருவதாக எழுதிக்கொண்டோம்.

ஜீவனாம்சம் என்றால் சம்பளத்தில் பாதி என்பது எங்கள் பெரியம்மாவின் சட்டம். நிஜத்தில் அப்படிக் கணக்கு எதுவும் கிடையாது. வழக்காகப் போனால் இரண்டு பேருமே வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. குழந்தைக்கு நாலு வயது. ஐந்து வயது வரை பொதுவாக அம்மாவிடம்தான். அதற்கப்புறமும் குழந்தையின் நலனைத்தான் பார்ப்பார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு அப்பாவோடு என்று எழுதியிருக்கிறோம். அது தங்கையே கேட்டுப் போட்டது.

மனு போட்டதும் சிஎன்ஆர் என்று எழுத்தும் எண்ணும் கலந்த பதினாறு இலக்க வழக்கு எண் ஒன்று வரும். அதை வாங்கி, இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். போன வாரம் ஜூனியர் "இன்னும் தேதி போடலக்கா" என்றார். ஆப்பில் தேதி முந்தின நாளே வந்திருந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவருக்கு அனுப்பினேன்.